ஓமந்தை தொடக்கம் ஆனையிறவு வரை: ஓப்பன் றெயில்ஸில் வன்னி நிலம் வன்னி மாதிரித் தெரிய என்ன செட்டிங் வைக்கலாம்?

கனகராயன்:

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். ஆறு மாதமாக ஓப்பன் றெயில்ஸ் என்ற இலவச றெயில் ஓட்டும் விளையாட்டுக்கு ஓமந்தையில் தொடங்கி ஆனையிறவு வரைக்கும் ஒரு ரூட் (விளையாட்டுக்குள் ஓடும் பாதை) கட்டிக்கொண்டிருக்கிறேன். தண்டவாளம் முழுக்கப் போட்டு முடிந்தது. புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் ஸ்ரேஷன்கள் நிற்கின்றன, கடவைகள் பாதி வேலையில் இருக்கின்றன. நிலம் மட்டும் சரிவரவே இல்லை.

கோச்சியை எடுத்து ஓட்டிப் பார்த்தால் எங்கேயோ குளிர்நாட்டுப் புல்வெளிக்குள் போவது போல இருக்கிறது. தரை முழுக்க ஒரே பச்சை, அதுவும் பாய் விரித்த மாதிரி ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருகிறது. மாங்குளம் தாண்டினால் ஒரு மேடு, கிட்டத்தட்ட பத்து மீற்றர் உயரம், அந்த இடத்தில் அப்படி ஒரு மேடு இல்லவே இல்லை, நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். வெயிலும் வன்னி வெயிலாக இல்லை.

என்னிடம் இருப்பது பழைய ஐ3 லப்டொப், 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. ஒரு மலைப்பாதை வீடியோவைப் பார்த்து அதில் சொன்னபடியே எல்லாவற்றையும் ஏற்றி வைத்தேன். வியூயிங் டிஸ்டன்ஸ் (நிலத்தை எவ்வளவு தூரம் வரை வரைவது என்பது) 10 கிலோமீற்றர், டிஸ்டன்ட் மவுண்டன்ஸ் (தூரத்து மலைகள்) போட்டிருக்கிறேன், எல்ஓடி பயஸ் (தூரத்துப் பொருள்களை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்பது) கடைசி வரை, நிழலும் போட்டிருக்கிறேன். எஃப்பிஎஸ் (ஒரு விநாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) 12, 13 என்று நிற்கிறது, கிளிநொச்சி ஸ்ரேஷனில் 9. நான் எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


முதிரைமரம்:

தம்பி, முதலில் அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். மலைப்பாதையில் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் மலைதான் காட்சியே, அதைக் காட்டுவதற்காக அவர்கள் தூரத்தை ஏற்றுகிறார்கள். நம்முடைய பாதை அப்படியா? வவுனியாப் பக்கம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 100 மீற்றர் உயரத்தில் இருக்கும் நிலம் ஆனையிறவில் கடலோடு கடலாகிவிடுகிறது, அதற்கு இடையில் ஏறக்குறைய 90 கிலோமீற்றர் இருக்கிறது. இந்தச் சரிவைக் கண்ணால் பார்க்கவே முடியாது, எஞ்சினுக்குத்தான் தெரியும்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஓட்டுநரின் கண் தரையில் இருந்து 3 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால், ஒரு தடையும் இல்லாத வெட்டவெளியிலேயே தொடுவானம் 6 கிலோமீற்றரில் முடிந்துவிடும். காட்டுக்குள் என்றால் ஐம்பது அறுபது மீற்றரிலேயே மரம் மறைத்துவிடும். 2 கிலோமீற்றரை விட்டுவிட்டு 10 கிலோமீற்றர் வைக்கும்போது பரப்பு 25 மடங்கு கூடுகிறது. உங்கள் லப்டொப் பாவம், பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் பின்னால் யாருமே பார்க்காத நிலத்தை வரைந்து வரைந்து களைத்துப் போகிறது.

ஆகவே வியூயிங் டிஸ்டன்ஸை 2000 மீற்றருக்கு இறக்குங்கள். 2001 இல் வந்த மைக்ரோசொஃப்ட் ட்றெயின் சிமுலேற்றர் விளையாட்டின் எல்லையும் அதுதான், ஓப்பன் றெயில்ஸ் அதன் வடிவத்தைத்தான் பின்பற்றுகிறது. டிஸ்டன்ட் மவுண்டன்ஸ் வேலை செய்ய ரூட்டுக்குள் அதற்கென்று தனிக் கோப்புறை இருக்க வேண்டும், உங்களிடம் அது இருக்காது, இருந்தாலும் வன்னியில் காட்ட மலை ஏது, எடுத்துவிடுங்கள். பொருள்களைத் தொடுவானம் வரை நீட்டும் செட்டிங்கையும் எடுத்துவிடுங்கள். எல்ஓடி பயஸை நடுவில், பூச்சியத்தில் வையுங்கள். மேலே போகும் மின்கம்பியைக் காட்டும் செட்டிங் நமக்குத் தேவையே இல்லை, இலங்கையில் மின்சார றெயில் ஓடுவதில்லை. எஃப்பிஎஸ்ஸைத் தானாகச் சரிசெய்யும் ட்யூனர் ஒன்று இருக்கிறது. அது தூரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தைப் பிடிக்கும். பரந்தன் வயல்வெளியில் அதைப் போட்டு ஓட்டினால் தொடுவானம் கிட்ட வரும், தள்ளிப் போகும், பார்க்கவே தலைசுற்றும். அதையும் எடுங்கள்.

நிழலை மட்டும் எடுக்க வேண்டாம். வேர்ல்ட் ஒப்ஜெக்ட் டென்சிட்டியிலும் கை வைக்க வேண்டாம், அதைக் குறைத்தால் சில வகைப் பொருள்கள் அப்படியே காணாமல் போய்விடும், நீங்கள் பாடுபட்டு நட்ட பனையும் போகலாம்.

இதெல்லாம் செய்தால் லப்டொப்புக்குக் கொஞ்சம் மூச்சு வரும். அந்த மூச்சை முழுக்கத் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் இருநூறு மீற்றருக்குள் செலவழியுங்கள். வன்னியைக் கோச்சியில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்த இருநூறு மீற்றர்தான் வன்னி.


துருசு:

கனகராயன், அந்த மாங்குளத்து மேடு பற்றி நான் சொல்கிறேன். நில அளவை படிக்கிறேன், இதே சிக்கல் எங்கள் பயிற்சி வேலையிலும் வந்தது. உயரத் தரவு எங்கே எடுத்தீர்கள்? எஸ்ஆர்டிஎம் என்றால் விடை கையில் இருக்கிறது.

எஸ்ஆர்டிஎம் என்பது 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றிச் சுற்றி ராடாரால் அளந்தது. அந்த ராடார் அலை அடர்ந்த காட்டில் இலைக்கூட்டத்தைத் தாண்டி முழுதாகத் தரைக்கு இறங்காது. காட்டின் முதுகுக்குக் கிட்ட எங்கேயோ பட்டுத் திரும்பிவிடும். மலைநாட்டில் இது பெரிதாகத் தெரியாது, ஆயிரம் மீற்றர் மலையில் எட்டு மீற்றர் பிழை யாருக்குக் கண்ணில் படும். வன்னியில் நிலமே தட்டை என்பதால் காடு தொடங்கும் இடத்தில் நிலம் குபுக்கென்று எழும்பி, காடு முடியும் இடத்தில் விழுந்துவிடும். நீங்கள் பார்ப்பது மேடு இல்லை தம்பி, காடு. 2000 ஆம் ஆண்டில் அங்கே நின்ற மரங்கள். இப்போது வெட்டி வெளியாகிப் போன இடத்திலும் அந்தத் தரவில் காட்டின் உயரம் அப்படியே இருக்கும். அதுக்கு மேலே நீங்கள் திரும்பவும் மரம் நட்டால் காட்டுக்கு மேல் காடு.

இன்னொன்று, அந்தத் தரவில் உயரம் முழு மீற்றரில்தான் இருக்கும், அரை மீற்றர், கால் மீற்றர் கிடையாது. புள்ளிக்குப் புள்ளி ஏறக்குறைய 30 மீற்றர் இடைவெளி. ஓப்பன் றெயில்ஸின் நிலமோ 2048 மீற்றர் சதுரமான டைல்களாக இருக்கிறது, அதற்குள் 8 மீற்றருக்கு ஒரு புள்ளி. இடையில் உள்ளதை எடிட்டர் தானாக நிரப்பிக்கொள்ளும். வயல்வெளியில் காலைச் சூரியன் சாய்வாக அடிக்கும்போது தரை பட்டை பட்டையாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் இந்த முழு மீற்றர் படிதான். கிராபிக்ஸ் செட்டிங்கை எவ்வளவு திருகினாலும் போகாது.

வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, காட்டையும் கட்டடத்தையும் கழித்துத் தரை உயரத்தை மட்டும் தரும் ஃபேப்டெம் என்ற தரவு, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2022 இல் வெளியிட்டது, வணிக நோக்கம் இல்லாத வேலைக்கு இலவசம், அதுவும் 30 மீற்றர்தான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து எச்ஜிடி என்ற உயரக் கோப்பு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பாதைக்கு இரண்டு துண்டு தேவை, வடக்கு 8 கிழக்கு 80, வடக்கு 9 கிழக்கு 80. ஒன்பது பாகைக் கோடு புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் போகிறது, அந்தப் பொருத்தில் ஒரு வெடிப்பு வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படிச் செய்யாவிட்டால் இருக்கிற நிலத்தையே டிஎஸ்ஆர்ஈ என்ற ரூட் எடிட்டரில் தூரிகை எடுத்துத் தடவித் தடவி மட்டப்படுத்த வேண்டும். நான் என்றால் முதலாவதைத்தான் செய்வேன், பிறகு கொஞ்சம் தடவுவேன்.

எதைச் செய்தாலும் தண்டவாள அணை எந்தத் தரவிலும் ஒழுங்காக வராது, ஒன்று இரண்டு மீற்றர் உயரத்து ஒடுக்கமான மண் அணையை 30 மீற்றர் புள்ளி எப்படிப் பிடிக்கும். அதைக் கையால்தான் உயர்த்த வேண்டும். குளக்கட்டுக்கும் அதே கதை.


உப்பளம்:

முதிரை அண்ணை சொன்னதில் பாதிக்கு ஓம், மற்றப் பாதிக்கு இல்லை. 2000 மீற்றர் காட்டுக்குச் சரி. பரந்தன் தாண்டின பிறகு என்ன செய்வது? ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பளம், வெறும் வெளி. அங்கே கோச்சியில் போனவர்களுக்குத் தெரியும், காட்டுக்குள் அடைபட்டு வந்த கண் திடீரென்று திறக்கும். அந்த இடத்தில் 2000 மீற்றரில் நிலத்தை வெட்டிவிட்டால் ஒரு குளத்துக்கு நடுவே போவது போல ஆகிவிடும். எனக்கு இந்தப் பாதையிலேயே பிடித்த இடம் அதுதான், அதைச் சின்னதாக்கிப் போட நான் விடமாட்டேன்.


முதிரைமரம்:

உப்பளம், நீங்கள் சொல்வது நியாயம். நான் காட்டையே நினைத்து எழுதிவிட்டேன். ஆனையிறவில் நடுவது மிகக் குறைவு, ஆகவே 4 அல்லது 5 கிலோமீற்றர் வைத்தாலும் லப்டொப் தாங்கும். சிக்கல் என்னவென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போது இடத்துக்கு இடம் தூரம் தானாக மாறாது. தம்பி ஒரே ஓட்டமாக ஓமந்தையில் இருந்து ஆனையிறவு போகிறவர் என்றால் 3 கிலோமீற்றர் வைத்துப் பார்க்கட்டும். பரந்தனில் இருந்து தொடங்கும் ஓட்டத்துக்கு 5. அதோடு கொஞ்சம் புழுதிமூட்டம் சேர்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மூடுபனியைக் கூட்டிக் குறைக்க விசை இருக்கிறது. சோளகக் காற்று அடிக்கும் ஆடி ஆவணியில் பரந்தன் வெளியில் தூரம் தெளிவாகவா தெரியும், எல்லாம் வெளிறித்தான் கிடக்கும். அந்த வெளிறலை இரண்டு புள்ளி கூட்டினால் நிலம் வெட்டுப்படும் கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆவணி வெயிலும் வந்துவிடும்.


பழைய பயணி:

தம்பிமார் பேசிக்கொள்வதைப் பார்த்து ஒரு சொல் எழுத நினைத்தேன். எனக்கு இந்த விளையாட்டு தெரியாது, பேரன் திறந்து காட்டினான். பாதை தெரியும்.

நீங்கள் எந்த ஆண்டுப் பாதையைச் செய்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. நான் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் கோச்சியில் போய்வந்தது 1990 இல் ஓட்டம் நிற்கும் வரைக்கும். யாழ்தேவி 1956 சித்திரையில் தொடங்கியது, அதன் முன்னால் கனடாவில் இருந்து வந்த எஞ்சின், அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. அப்போது காடு தண்டவாளத்தை ஒட்டியே நின்றது. யன்னலால் கை நீட்டாதே என்று அம்மா அதட்டுவதற்குக் காரணம் அந்தக் கிளைகள். காலைக் கோச்சியில் வெயில் மரத்துக்கு ஊடாக வெட்டி வெட்டி முகத்தில் அடிக்கும், ஒளி, இருள், ஒளி, இருள், அப்படியே கண் மூடி நித்திரையாகிவிடுவேன், வெளிச்சம் ஒரேயடியாக முகத்தில் விழுந்து விழித்தால் வயல்வெளி வந்திருக்கும். மரச் சிலிப்பர் கட்டை, கறுத்த எண்ணெய் வாசம், பிளாட்பாரத்தில் செம்மண்.

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தண்டவாளமும் சிலிப்பரும் பதுங்குகுழிக்குப் போயின, அணையில் பற்றை முளைத்தது. 2013 புரட்டாதியில் கிளிநொச்சிக்குக் கோச்சி திரும்பி வந்தபோது பார்க்கப் போனேன். புதுக் கல்லு, கொங்கிறீற் சிலிப்பர், காட்டை நன்றாகத் தள்ளி வெட்டியிருந்தார்கள். அது வேறு பாதை, இது வேறு பாதை. இரண்டையும் கலந்து செய்துவிடாதீர்கள்.


கனகராயன்:

ஐயா, எழுதியதற்கு மெத்த நன்றி. நான் இப்போதைய பாதையைத்தான் செய்துகொண்டிருந்தேன், கொங்கிறீற் சிலிப்பர்தான் போட்டிருக்கிறேன். ஆனால் மரத்தை மட்டும் தண்டவாளத்தோடு ஒட்டி வைத்துவிட்டேன், அடர்த்தியாகத் தெரியட்டும் என்று. நீங்கள் சொன்ன பிறகுதான் அது எந்தக் காலத்துக்கும் சேராத பாதை என்று விளங்கியது. இப்போதைக்கு இன்றைய பாதையை முடிக்கிறேன், பிறகு நீங்கள் போன பாதையை ஒரு பிரதி எடுத்துச் செய்ய வேண்டும், அதற்கு உங்களிடம் நிறையக் கேட்பேன்.

முதிரை அண்ணை, நேற்றிரவு நீங்கள் சொன்னபடி வைத்தேன். 2 கிலோமீற்றரில் எஃப்பிஎஸ் 31, 3 கிலோமீற்றரில் 26. நம்பவே முடியவில்லை. துருசு அக்கா, தரவை இறக்கிக்கொண்டிருக்கிறேன். இனி மரமும் மண்ணும். இருநூறு மீற்றருக்குள் செலவழி என்றீர்களே, எப்படிச் செலவழிப்பது?


முதிரைமரம்:

மரத்தில் இருந்து தொடங்குவோம். நீங்கள் ஒவ்வொரு மரத்தையும் தனிப் பொருளாக நட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கிளிநொச்சியில் 9 எஃப்பிஎஸ் வந்ததே அதனால்தான் இருக்க வேண்டும். ஃபொரஸ்ட் என்று ஒரு வகை இருக்கிறது, ஒரு பரப்பைக் காட்டி இத்தனை மரம் என்று சொன்னால் தானே பரப்பிக்கொள்ளும். அதில் உள்ள மரம் ஒவ்வொன்றும் எப்போதும் நம் பக்கம் திரும்பி நிற்கும் ஒரு தட்டைப் படம். ஆயிரக்கணக்கில் போட்டாலும் தனி மரம் மாதிரிப் பாரம் இல்லை. கிட்டப் பார்த்தால் தட்டை என்று தெரியும், தள்ளிப் பார்த்தால் காடுதான்.

ஆகவே தண்டவாளத்தில் இருந்து முப்பது நாற்பது மீற்றருக்குள் தனி மரம், அதுவும் அங்கொன்று இங்கொன்றாக, கண்ணுக்குப் பழகிய மரமாக. விளாத்தி, ஒரு பெரிய பாலை, வாய்க்கால் ஓரமாக மருது. அதற்குப் பின்னால் முழுக்க ஃபொரஸ்ட். இரண்டுக்கும் நடுவில் பற்றை வேண்டும், இதை எல்லோரும் மறப்பார்கள். வன்னிக் காடு மரத்தோடு தொடங்காது, பற்றையோடுதான் தொடங்கும். இடுப்பளவு, ஆளளவு, பிறகுதான் மரம். பற்றை இல்லாமல் நேரே மரத்தை நிறுத்தினால் பூங்கா மாதிரி இருக்கும்.

ஃபொரஸ்ட் மரங்கள் தண்டவாளத்துக்கு நடுவே முளைப்பது உங்களுக்கும் நடந்திருக்கும். ரூட்டின் டிஆர்கே கோப்பில் ஃபொரஸ்ட் க்ளியர் டிஸ்டன்ஸ் என்று ஒரு வரி சேர்க்கலாம், இத்தனை மீற்றருக்குள் மரம் வேண்டாம் என்று சொல்லிவிடும். இன்றைய பாதைக்கு அந்த எண்ணைத் தாராளமாக வையுங்கள், ஐயா சொன்ன பழைய பாதைக்குக் குறையுங்கள். ஒரே காடு, ஒரு வரி மாற்றினால் இரண்டு காலம். இதை எழுதும்போது எனக்கே சந்தோசமாக இருக்கிறது.

உயரத்திலும் கவனம் வேண்டும். மழைக்காட்டு மரப் படங்களை இறக்கி முப்பது மீற்றர் உயரத்துக்கு நிறுத்திவிடுகிறார்கள். நம்முடையது உலர் வலயக் காடு, பத்துப் பதினைந்து மீற்றர் போதும், சிலது இன்னும் குள்ளம். இலையின் பச்சையும் கறுத்த பச்சையாக இருக்க வேண்டும், கொஞ்சம் சாம்பல் கலந்து. இளம்பச்சை வைத்தீர்களோ, குளிர்நாடு திரும்பி வந்துவிடும்.

சரி, மண். இதற்குச் செட்டிங் கிடையாது, போட்டோதான். ஒவ்வொரு டைலுக்குள்ளும் நிலம் 128 மீற்றர் சதுரத் துண்டுகளாகத்தான் இருக்கிறது, துண்டுக்கு ஒரு டெக்ஸ்சர், அதாவது மேலே போர்த்தும் படம். ஒரே படத்தை எல்லாத் துண்டுக்கும் போட்டதால்தான் பாய் விரித்த கோலம் வருகிறது. ஒரே மண்ணுக்கு நாலைந்து படம் வேண்டும், கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டதாக, துண்டைத் திருப்பித் திருப்பியும் வைக்கலாம். போனை எடுத்துக்கொண்டு போய்ப் பாதை நெடுக மண்ணைப் படம் எடுங்கள். ஓமந்தையில் செம்மண் கபிலம், பரந்தன் வயலில் சாம்பல் களி, ஆனையிறவில் உப்புப் பூத்த வெள்ளை. நேரே மேலிருந்து எடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், அல்லது மப்பும் மந்தாரமுமாக இருக்கும்போது எடுங்கள், வெயிலில் எடுத்தால் கல்லின் நிழல் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும், பிறகு விளையாட்டில் சூரியன் மேற்கே நிற்கும், தரையில் நிழலும் மேற்குப் பக்கமே விழுந்து கிடக்கும்.

பிறகு கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 1024 க்கு 1024 சதுரமாக வெட்டி, படத்தைப் பாதிக்குப் பாதி நகர்த்தினால் ஓரம் நடுவுக்கு வரும். அந்தப் பொருத்துத் தெரியாமல் குளோன் செய்து மூடினால் ஓரத்தோடு ஓரம் பொருந்தும். மிப்மாப்போடு (தூரத்தில் காட்டுவதற்கான சிறிய பிரதிகளோடு) சேமிக்க மறக்க வேண்டாம், அது இல்லாவிட்டால் தூரத்து மண் மினுமினுக்கும். வழக்கமான ஏஸ் கோப்புக்குப் பதில் டிடிஎஸ் என்ற பட வடிவத்திலும் போடலாம்.

இன்னொரு கோப்பு இருக்கிறது, அதைப் பலர் தொடுவதே இல்லை. ரூட்டின் மண் படங்கள் இருக்கும் டெர்டெக்ஸ் கோப்புறைக்குள் மைக்ரோடெக்ஸ் என்று கிடக்கும். நிலத்துக்கு மேல் பொடிப்பொடியாகப் படரும் மேல்பூச்சு அது, எல்லா மண்ணுக்கும் பொது. அதில் ஒரு கிறவல் றோட்டின் குறுணிக் கல்லைப் போட்டுப் பாருங்கள், முழுப் பாதையின் தரையும் ஒரே நேரத்தில் மாறும்.


உப்பளம்:

போட்டோ பற்றி அண்ணை சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். நம்முடையது தட்டை நிலம் என்பதால் கபினில் இருந்து பார்க்கும்போது தரை மிகச் சாய்வாகத்தான் கண்ணுக்கு வரும், அதனால்தான் ஐம்பது மீற்றருக்கு அப்பால் மண் குழம்பி மங்கலாகப் போகிறது. கிராபிக்ஸ் டிரைவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அனிசோட்ராபிக் ஃபில்டரிங் என்று இருக்கும், 16 வையுங்கள். பழைய லப்டொப்பிலும் அதனால் பெரிதாக வேகம் குறைவதில்லை. ஆன்டிஅலையசிங் அப்படி இல்லை, பாரம் கூட. 2 மடங்கு போதும், தண்டவாளத்தின் ஓரம் நெளியாமல் இருக்கும். பனையோலை மினுங்குவதை அது சரிசெய்யாது, ஏனென்றால் ஓலையின் ஓரம் படத்துக்குள் வெட்டிய ஓரம், பொருளின் ஓரம் இல்லை.

இப்போது முக்கியமான ஒன்று. பெரும்போகம்! எல்லோரும் காய்ந்த வன்னியையே பேசுகிறீர்கள். கார்த்திகை மார்கழியில் பரந்தன் எப்படி இருக்கும்? கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை, வாய்க்கால் நிறையத் தண்ணீர், குளங்கள் வான் பாயும். அதே பாதையில் இரண்டு வன்னி வேண்டும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்த விளையாட்டில் குளிர்காலம் என்று தெரிவு செய்தால் வானிலை எதுவாக இருந்தாலும் நிலத்துக்கு டெர்டெக்ஸுக்குள் இருக்கும் ஸ்னோ கோப்புறையில் இருந்து படம் எடுக்கும். பனி விழும் நாட்டுக்காகச் செய்த ஏற்பாடு. நமக்குப் பனி ஏது? அந்த ஸ்னோ கோப்புறைக்குள் அதே கோப்புப் பெயர்களில் ஈர மண்ணையும் நெற்பச்சையையும் போட்டுவிட்டேன். மரப் படங்கள் டெக்ஸ்சர்ஸ் கோப்புறைக்குள் வின்டர் என்ற உட்கோப்புறையில் போக வேண்டும். வானிலையை மழை என்று வைக்கலாம், ஸ்னோ மட்டும் வைக்கக் கூடாது. இப்போது கோடை என்று எடுத்தால் சோளகக் காலத்து வெளிறிய வன்னி, குளிர்காலம் என்று எடுத்தால் மார்கழி வன்னி. முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது பரந்தன் வயல் பச்சையாக வந்து நின்றது, நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.


துருசு:

உப்பளம், இது அருமை! அதோடு சூரியனும் சேர்ந்து வரும் தெரியுமா? ரூட்டை உண்மையான அட்சரேகையில் வைத்திருந்தால் ஓப்பன் றெயில்ஸ் பருவத்துக்கும் அட்சரேகைக்கும் ஏற்றபடிதான் சூரியனை நகர்த்தும். கிளிநொச்சி 9 பாகை 23 கலை வடக்கு. ஆனி மாத நடுவில் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், 14 பாகை சாய்ந்து, மர நிழல் தெற்கே விழும். மார்கழியில் தெற்கே 33 பாகை சாய்ந்து நிற்கும், நிழல் வடக்கே நீளும். வடக்கு நோக்கிப் போகிற ஓட்டுநருக்கு இரண்டும் ஒரே வெளிச்சம் இல்லை. நேர் உச்சிக்கு வருவது வருசத்தில் இரண்டு நாள், ஒன்று ஏப்ரல் 14 ஐ ஒட்டி, சித்திரை வருசப்பிறப்பு. மற்றது ஆகஸ்ட் கடைசியில்.

வெயில் வன்னி வெயிலாக இல்லை என்று கனகராயன் முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். ரூட் எந்த இடத்தில் தொடங்கப்பட்டது என்று ஒருமுறை பாருங்கள். யாரோ ஐரோப்பாக்காரரின் மாதிரி ரூட்டைப் பிரதி எடுத்து அதற்குள் கட்டியிருந்தால் ஐம்பது பாகைச் சூரியன்தான் அடிக்கும், என்ன டெக்ஸ்சர் போட்டாலும் அது பின்னேர வெயில் மாதிரியே இருக்கும்.

தண்ணீர் பற்றியும் ஒன்று. நீர்மட்டம் டைலுக்கு டைல்தான் வைக்கலாம். குளமும் அதற்குக் கீழே வயலும் ஒரே டைலுக்குள் இருந்தால், தண்ணீர் காட்டும் துண்டுகளைக் குளத்துக்கு மட்டும் தெரிந்தெடுங்கள், இல்லாவிட்டால் வயல் மூழ்கிவிடும். ஆனையிறவில் அந்தக் கவலை இல்லை.


கச்சான்:

வவுனியாவில் இருந்து ஒரு சின்ன விசயம். மத்தியானம் ஓட்டிப் பார்த்து எஃப்பிஎஸ் அளக்காதீர்கள். பங்குனி சித்திரையில் எங்கள் வீட்டுத் தகட்டுக் கூரைக்குக் கீழே என் லப்டொப் பத்து நிமிசத்தில் சூடேறி வேகத்தைத் தானே பாதியாகக் குறைத்துவிடும். செட்டிங் பிழை என்று நினைத்து இரண்டு கிழமை வீணாகத் திருகிக்கொண்டிருந்தேன். விடியக்காலை அளந்தால்தான் சரியான கணக்கு. எஃப்பிஎஸ்ஸை 30 க்கு மேல் போகாமல் டிரைவரில் கட்டி வையுங்கள், லப்டொப்புக்குக் கீழே இரண்டு கட்டை வைத்துக் காற்றுப் போக விடுங்கள். 30 இல் கோச்சி வடிவாக ஓடும், இது கார் ஓட்டப் போட்டி இல்லை.


கனகராயன்:

இரண்டு கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்க வேண்டும், மின்வெட்டும் வேலையும்.

துருசு அக்கா, நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. ஒரு மாதிரி ரூட்டுக்குள்தான் கட்டத் தொடங்கியிருந்தேன். நிலம் முழுவதையும் சரியான இடத்தில் புதிதாக எடுத்து, தண்டவாளத்தைத் திரும்பப் போட்டேன். ஆறு மாத வேலையில் பாதி போனது, ஆனால் முதல் காலை ஓட்டத்திலேயே வெளிச்சம் வேறு. மாங்குளத்து மேடு ஃபேப்டெம் போட்டதும் தணிந்து ஒரு மீற்றருக்குள் வந்துவிட்டது, மிச்சத்தைத் தூரிகையால் தடவினேன். ஒன்பது பாகைப் பொருத்தில் நீங்கள் பயந்தபடியே ஒரு நீள வெடிப்பு, அதை மூட ஒரு முழு இரவு போனது.

இப்போதைய நிலை: தூரம் 3 கிலோமீற்றர், அனிசோட்ராபிக் 16, ஆன்டிஅலையசிங் 2, நிழல் உண்டு, 30 இல் கட்டியிருக்கிறேன். காட்டுக்குள் 30, கிளிநொச்சி ஸ்ரேஷனில் 24. மண்ணுக்கு இதுவரை பதினொரு படம் எடுத்திருக்கிறேன். கிறவல் மைக்ரோடெக்ஸ் போட்டபோது அம்மா பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு இது எங்கட றோட்டுக்கரை மண்ணெல்லோ என்றா. அது போதும் எனக்கு.

இன்னும் சரிவராத ஒன்று முறிகண்டி. ஸ்ரேஷன் பக்க மண் வரவில்லை, நான் எடுத்த படம் பத்து மணி வெயிலில் எடுத்தது, நிழல் பதிந்து கிடக்கிறது.


பழைய பயணி:

தம்பி, நான் இப்போது முறிகண்டிக்குக் கிட்டத்தான் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு அங்கே வெயில் தரைக்கு வராது. பேரனிடம் போன் இருக்கிறது. எத்தனை அடி உயரத்தில் பிடிக்க வேண்டும், எந்த எந்த இடத்து மண் வேண்டும் என்று எழுதுங்கள், நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.


கனகராயன்:

ஐயா, நெஞ்சு உயரத்தில் போனைத் தரைக்கு நேராகப் பிடித்தால் போதும். பிளாட்பார ஓரத்துச் செம்மண் ஒன்று, தண்டவாளக் கல்லுக்கும் பற்றைக்கும் இடையில் உள்ள மண் ஒன்று, கோயில் பக்கம் கச்சான் கடைகளுக்கு முன்னால் ஆட்கள் நடந்து இறுகின மண் ஒன்று. ஒவ்வொன்றிலும் நாலு படம். உங்கள் காலடி நிழல் மட்டும் படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.